களிம்பு ஏறிய பிளக்கை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள்

என் கடை மேஜையின் இழுப்பறையில் ஒரு பித்தளை பிளக் இருக்கிறது. முழுவதும் பச்சைக் களிம்பு. மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடாவில்) ஆறு மாதம் தொழிலுக்குப் போய்வந்த ஒரு விசைப்படகின் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து கழற்றியது. கருவி செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் படகு உரிமையாளர் அதை என் மேஜைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. மின்சாரம் வந்து சேரும் பிளக்கும், அதன் பின்னால் இரண்டு சாண் ஒயரும்தான் அரித்துப் போயிருந்தன.

என் அப்பா பாம்பனில் ரேடியோ மெக்கானிக். நான் ஐ.டி.ஐ. முடித்து 2001 முதல் மண்டபத்தில் படகுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன்: ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், பேட்டரி சார்ஜர். இந்தப் பிளக்கைப் போல எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் சரிசெய்து அனுப்புவேன். ஆறு மாதத்தில் அதே படகிலிருந்து அதே கருவி திரும்பி வரும். எனக்கு வருமானம் வந்தது. ஆனால் கரையில் நின்று யோசித்தால், திசை காட்டும் கருவி இரவில் நடுக்கடலில் அணைந்துபோவது எப்படிப்பட்ட ஆபத்து என்பது வயிற்றைப் பிசைந்தது. நம் கடலில் எல்லைக்கோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கவலைதான் என்னைக் கல்லூரிகளின் வாசலுக்குக் கொண்டுபோனது. அங்கே நான் கற்றுக்கொண்ட வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். படகுச் சங்கத்தினர், கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு, ஐஸ் ஆலை, ஃபைபர் படகு கட்டும் பட்டறை, சோலார் பொருத்தும் ஒப்பந்தக்காரர், நான்கு பேரை வைத்து மென்பொருள் எழுதும் சிறு அலுவலகம் என்று நம் கரையில் தொழில் செய்யும் யாருக்கும் இது பயன்படும். பல்கலைக்கழகம் ஒரு பகுதியின் தொழிலைத் தூக்கிவிட முடியும். தானாக அது நம் கடைத்தெருவுக்கு நடந்து வருவதில்லை. கேட்கும் விதத்தில் கேட்டால் வருகிறது.

முதலில், யாரிடம் எது இருக்கிறது

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் ஒரு நாள் பஸ் ஏறிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இருக்கிறது. புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கீழக்கரையில் 1984 முதல் பொறியியல் கல்லூரி நடக்கிறது. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன. மீன்வளப் படிப்புக்கு 2012இல் தனிப் பல்கலைக்கழகமே தொடங்கப்பட்டு நாகப்பட்டினத்தில் தலைமையகம் அமைந்தது.

ஆய்வு நிலையங்கள் இன்னொரு வகை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்ப்பில் இருக்கிறது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகமே இங்கேதான்; பிறகுதான் தலைமையகம் கொச்சிக்குப் போனது. இந்தியாவில் முதன்முதலாகக் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது இந்த மண்டபம் நிலையம்தான், 2010இல். கப்பாபைகஸ் பாசி வளர்ப்பைக் கரைக்குக் கொண்டுவந்த ஆராய்ச்சியும் மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் பாசிப் பிரிவில் நடந்ததுதான். துருவுக்கும் பேட்டரிக்கும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக சிக்ரி. நம் உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்குச் சோதனை இடம் உண்டு.

சிக்ரி வந்த கதையை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அப்போது காரைக்குடி நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. தொழில் செய்து பொருள் சேர்த்த ஒருவர், தன் மண்ணில் கல்வியும் ஆராய்ச்சியும் வேண்டும் என்று தானே போய்க் கேட்டு வாங்கினார். கோவையிலும் இதே கதைதான். பி.எஸ்.ஜி. குடும்பம் 1926இல் தொழிற்பள்ளியைத் தொடங்கியது, 1951இல் பொறியியல் கல்லூரி வந்தது. பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்று கோவைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே 1951இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தது. இன்றைய சிலிக்கான் பள்ளத்தாக்கின் வேர்களில் அது ஒன்று. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் கேள்விகள் இருக்கின்றன. கல்லூரிக்கு அவையும் மூலதனம்தான்.

எதை எங்கே கேட்பது என்பதில் குழப்பம் வேண்டாம். ஒரு பொருளை வடிவமைத்துச் செய்துபார்க்க வேண்டும் என்றால் பொறியியல் கல்லூரி. ஒரு பொருளைச் சோதித்து அறிக்கை வேண்டும் என்றால் ஆராய்ச்சி நிலையம். அதற்குக் கட்டணம் உண்டு. கடல் நீர், நீரோட்டம், கரை அரிப்பு என்றால் தொண்டி. வேலைக்குப் பழகிய கை வேண்டும் என்றால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக். நான் தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டேன். அதனால் இரண்டு வருடம் போனது.

கேள்வியை எழுதுவது

மொத்த வேலையில் பாதி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான் முதன்முதலில் ஒரு கல்லூரிக்குக் கொடுத்த மனு இரண்டு பக்கம். மீனவர் வாழ்வு மேம்படத் தொழில்நுட்ப உதவி வேண்டும் என்று உருக்கமாக எழுதியிருந்தேன். முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. அவர்கள்மேல் வருத்தமாக இருந்தது. பல மாதம் கழித்து, வேறொரு கல்லூரியில் ஒரு பேராசிரியை அந்த மனுவின் நகலைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஐயா, இதில் மாணவர் செய்யக்கூடிய வேலை எந்த வரியில் இருக்கிறது?” அப்படி ஒரு வரி அதில் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். கடைக்கு வந்த ஒவ்வொரு கருவிக்கும் ஐந்து விஷயம் குறித்தேன்: என்ன கருவி, எந்தப் படகு வகை, வடகடலா தென்கடலா (மன்னார் வளைகுடா), எங்கே பழுது, கடைசியாக எப்போது பழுது பார்த்தது. ஒரு வருடத்தில் 143 கருவிகள். அவற்றில் 88 கருவிகளுக்கு உள்ளே பழுதே இல்லை. பிளக், ஒயர், பியூஸ் பெட்டி ஆகியவற்றில்தான் கோளாறு. இந்த ஒரு கணக்கு என் இரண்டு பக்க மனு செய்யாத வேலையைச் செய்தது. அதை நீட்டியதும் அந்தப் பேராசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உங்கள் கேள்வியும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். எது கெடுகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கெட்டால் எவ்வளவு செலவு, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், விடை என்ன விலைக்குள் இருந்தால் உங்கள் ஆட்கள் வாங்குவார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் சொன்ன விலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விலை சொல்லாமல் விட்டால், மாணவர்கள் அழகான பெட்டி ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். அதன் விலையில் பாதிப் படகு வாங்கலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாசி வளர்க்கும் பெண்களுக்கு 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 45 நாளில் அறுவடை. அறுத்த பாசியைக் காயவைக்கும்போது மணல் ஒட்டினாலும், ஈரம் மிஞ்சினாலும் வாங்குபவர் எடையில் கழிக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். “பாசித் தொழிலுக்கு நவீன உலர்த்தி வேண்டும்” என்று கேட்டால் அது மனு. “நான்கு மிதவைப் பாசி, தரையில் படாமல், மழை மாதத்திலும் மூன்று நாளில் காய வேண்டும், தென்னங்கீற்றுக் கொட்டகையில் பெண்கள் இருவர் தூக்கிவைக்கும் எடையில் இருக்க வேண்டும், மின்சாரம் இல்லை” என்று கேட்டால் அது இயந்திரவியல் மாணவர் நால்வருக்கு ஒரு வருட வேலை. வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்குமேல் செலவில் பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அது பெரிய அளவில் நடக்கும் வேலை. கொட்டகையில் இருக்கும் சிறு கேள்வியையும் யாராவது கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொருளைக் கையில் எடுத்துப் போங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புகைப்படம் போதாது. நான் அந்தக் களிம்புப் பிளக்கை மேஜைமேல் வைத்தபோது, அதைச் சுற்றி மூன்று ஆசிரியர்கள் கூடினார்கள். கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்கள். ஆய்வக உதவியாளர் ஒருவர், “இதன் ஒயரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தீர்களா அண்ணே?” என்றார். அறுத்தோம். ரப்பர் உறைக்குள்ளே செம்பு இழைகள் ஒன்றரை அடி தூரம் கறுத்திருந்தன. திரி எண்ணெயைக் குடிப்பதுபோல, இழைகளின் இடுக்கு வழியாக உப்புநீர் உள்ளே ஏறியிருந்தது. அத்தனை வருடமாக நான் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். விடையின் முதல் பாதி அந்த மேஜையிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே ஆய்வக உதவியாளர்களை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

எப்போது போவது

கல்லூரிக்கு ஒரு பருவம் உண்டு, கடலுக்கு இருப்பது போல. வாடைக்காற்றில் வலை போடும் இடத்தில் கச்சான் காற்றில் போட மாட்டோம். அப்படித்தான் இதுவும்.

கடைசி வருட மாணவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில், ஜூலை, ஆகஸ்ட் வாக்கில், என்ன செய்யலாம் என்று தலைப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போக வேண்டிய நேரம் அது. பொறியியலில் திட்ட வேலையின் பெரும்பகுதி எட்டாவது பருவத்தில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். ஜனவரியில் போய்ப் புதிய கேள்வி கொடுத்தால், ஏற்கெனவே தலைப்பு முடிவாகியிருக்கும், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மார்ச்சில் போகவே போகாதீர்கள்.

இன்னொரு பொருத்தம் நம் கரைக்கே உரியது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். இயந்திரம் இறக்கி, பலகை மாற்றி, ஒயர் இழுத்து எல்லாப் பராமரிப்பும் அப்போதுதான். மாணவர்களுக்கும் தேர்வு முடிந்து விடுமுறை வருவது ஏறக்குறைய அப்போதுதான். உள்ளகப் பயிற்சிக்கு மாணவர்கள் சென்னைக்கும் கோவைக்கும் ஓடி, சான்றிதழ் மட்டும் வாங்கி வருகிறார்கள். படகின் வயிற்றைத் திறந்து பார்க்கக் கிடைக்கும் அந்த இரண்டு மாதம் இங்கேயே வீணாகிறது. ஒவ்வொரு படகுச் சங்கமும் மார்ச் மாதத்திலேயே அருகிலுள்ள கல்லூரிக்கு, “தடைக்காலத்தில் எங்கள் படகுகளில் ஐந்து மாணவர் வேலை பழகலாம்” என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். புதுக் கேள்விக்குத்தான் மார்ச் ஆகாது. பயிற்சிக்கு ஆள் கேட்க அதுவே சரியான மாதம். என் கடையில் எட்டு வருடமாக இப்படித்தான் வருகிறார்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது? முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், அது முறை. அதோடு துறைத் தலைவரையோ திட்ட ஒருங்கிணைப்பாளரையோ நேரில் பாருங்கள். அவர்களுக்கு உங்களால் என்ன பயன் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, ஆராய்ச்சியோடு சமூகத்துக்கான விரிவாக்கப் பணியையும் பார்க்கிறது. ஆசிரியர்களுக்கு ஆய்வுக்கட்டுரை தேவை. மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் இருக்கும் கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். என்.எஸ்.எஸ். மாணவர்களின் ஏழு நாள் முகாமை உங்கள் ஊரில் நடத்தச் சொல்லுங்கள். நான் நோட்டில் எடுத்த கணக்கைப் போல, ஊர் முழுவதும் கணக்கெடுக்க அந்த ஏழு நாள் தாராளம். ஆசிரியரின் இந்தத் தேவைகளைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் எழுதும் கட்டுரையால்தான் நம் பிளக்கின் கதை இன்னொரு கடற்கரைக்குப் போய்ச் சேரும்.

மாணவர்கள் வந்த பிறகு

முதல் நாளே கடலைக் காட்டிவிடுங்கள். கரையில் கட்டிய படகில் ஏற்றினால் போதும்; கடலுக்குள் போவதென்றால் கல்லூரியின் எழுத்துப்பூர்வ அனுமதி, உயிர்காப்புச் சட்டை, மீன்துறை விதிகள் எல்லாம் வேண்டும், அதில் சலுகை கூடாது. படகில் ஏறிப் பார்க்காத மாணவர், மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து பெட்டி செய்வார். ஏறிப் பார்த்தவருக்கு, சுக்கான் அறையில் ஈரக்கையோடு ஒருவர் எதைத் தொடுவார் என்பது புரியும்.

எங்கள் முதல் குழுவில் நான்கு பேர், இருவர் பெண்கள். எட்டு வகையாகப் பிளக்குகளைத் தயார் செய்தார்கள். வெறும் செம்பு ஒயர், ஈயம் பூசிய செம்பு ஒயர். கிரீஸ் வைத்தது, வைக்காதது. சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசைக் குழாய் போட்டது, சாதா டேப் சுற்றியது என்று மாற்றி மாற்றி. ஒரு வரிசையை உப்புத் தெளிப்புப் பெட்டியில் வைத்தார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் பனிபோலத் தெளித்துக்கொண்டே இருக்கும் பெட்டி அது. உலகம் முழுவதும் இந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். இன்னொரு வரிசையை ஒரு விசைப்படகின் சுக்கான் அறைக் கூரையில் கட்டிவிட்டோம்.

அந்த இரண்டாவது வரிசை என் யோசனை. அதற்காக இன்றும் மகிழ்கிறேன். பெட்டிக்குள் நன்றாகத் தாங்கிய மலிவான பிளாஸ்டிக் குழாய், படகின் கூரையில் வெயில் பட்டு வெடித்துவிட்டது. பெட்டியில் உப்பு உண்டு, வெயில் இல்லை. ஈயம் பூசிய ஒயரும், உள்ளே பசை தடவிய தடித்த குழாயும் இரண்டு இடத்திலும் நின்றன. கூடவே ஒரு சிறு வழக்கத்தையும் மாற்றினோம்: ஒயரை நேராக இழுக்காமல், பிளக்குக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. ஒரு கருவிக்கு ஆகும் கூடுதல் செலவு, நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஆகும் செலவுதான்.

படகு உரிமையாளர்களையும் சோதனையில் உட்கார வையுங்கள். பிற்பாடு வந்த ஒரு குழு, தண்ணீர் ஏறினால் ஒலி எழுப்பும் கருவி செய்தது. வேதாளையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, என் பேட்டரியில் விளக்கும் எரிய வேண்டும், வயர்லெஸும் பேச வேண்டும். உங்கள் பெட்டி ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குடிக்கும்?” என்றார். மாணவர்கள் அதைக் கணக்குப் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து மின்சாரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது வலித்த அனுபவம். ஒரு கல்லூரியில் மாணவர்கள் நல்ல கருவி ஒன்றைச் செய்தார்கள். கண்காட்சியில் பரிசு வாங்கியது. பட்டம் வாங்கி அவர்கள் வெளியூர் போனதும், கருவி அலமாரிக்குள் போனது. மென்பொருள் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இருந்தது; அந்தக் கணினியும் இப்போது இல்லை. அதை நம்பிக் காத்திருந்த படகுக்காரர்களுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு, தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: மின்சுற்றுப் படம், பொருள் பட்டியல், எந்தக் கடையில் வாங்கியது, மென்பொருள் நகல், பழுது பார்க்கும் முறை ஆகிய ஐந்தும் ஏப்ரல் முடிவதற்குள் என் கையில் இருக்க வேண்டும். துறையில் ஒரு நகல், என்னிடம் ஒரு நகல். அடுத்த வருடக் குழு அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும், முதலிலிருந்து அல்ல.

ஒப்பந்தம், பணம்

புரிந்துணர்வு ஒப்பந்தத்தை முதலில் போடாதீர்கள். போட்டோ எடுத்துச் சால்வை போர்த்தி முடிந்துபோன ஒப்பந்தங்கள் ஏராளம். ஒரு வேலையைச் சேர்ந்து முடித்துவிட்டு, இரண்டாவது வேலைக்கு முன்னால் போடுங்கள். அதில் ஆசிரியர் பெயரும், வருடத்துக்கு எத்தனை மாணவர் என்பதும், கண்டுபிடித்ததன் உரிமை யாருக்கு என்பதும் இருக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் பிடிக்கும் நிறுவனங்கள், மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். சும்மா கட்டடத்தில் இருக்க முடியாது. நம் ஒப்பந்தத்திலும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

பணத்துக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சிறு நிறுவனம் புதுப் பொருள் செய்ய, தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க உதவித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். மாணவர்களின் பஸ் செலவையும் மதியச் சாப்பாட்டையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தொகை சிறியதுதான். ஆனால் வீட்டில் கேட்டு வாங்கி வரும் பிள்ளைகளுக்கு அது பெரியது.

நம் பிள்ளைகளுக்கு இதே கரையில் வேலை

எனக்கு மனத்தில் ஆழமாக இருப்பது இதுதான். நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் துபாய், சென்னை, திருப்பூர். போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் இங்கே வேலை இல்லை என்பதால் போகிறார்களா, இங்கே இருக்கும் வேலைக்குப் பழக்காததால் போகிறார்களா?

கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி செங்குத்தாக மேலே ஏறுகிறது; அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கும் உப்புக்காற்றுக்கு எதிரான பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். குளிர்பதனம், இறால் பண்ணைகளில் நீரின் உயிர்வளி அளக்கும் கருவி, முண்டு மிளகாய் உலர்த்தும் களம், இவை எல்லாமே தொழில்நுட்ப வேலைதான்.

பத்தாவது முடித்த பிள்ளைக்கு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. இரண்டு வருடம், அதிலிருந்து நேரடியாகப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, அதிலிருந்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதிக்கலாம், மறுபடி ஏறலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், மீன்வளம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிகளில் நடக்கும் திறன் பயிற்சிகளின் பட்டியலைப் பாருங்கள். படகு மின்னணுவியல், சூரிய மின் பராமரிப்பு போல நம் கரைக்கு ஏற்றது இல்லையென்றால் கல்லூரியிடம் கேளுங்கள்.

தொழில் நடத்துபவர்கள் செய்ய வேண்டியது: தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், 4 முதல் 29 பேர் இருக்கும் இடம் விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. ஐஸ் ஆலையும் படகுப் பட்டறையும் இதைப் பயன்படுத்தலாமே. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில் துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் பெரும்பாலும் பெருநகர நிறுவனத்தவர் உட்காருகிறார். நம் பகுதி ஆள் ஒருவர் உட்கார்ந்தால், மின்னணுவியல் பாடத்தில் உப்புக்காற்றுக்கு ஒரு பாடமாவது கிடைக்கும். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, தொழிலில் குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவர்களைப் பட்டம் பார்க்காமல் நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. படகு கட்டும் ஆசாரி வகுப்பறையில் நின்று பேசுவதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

என் கடையின் இரண்டாவது மேஜையில் இப்போது முதல் குழுவில் வந்த பெண்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பட்டம் முடித்துச் சென்னையில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். கருவி விஷயத்தில் எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். வருகிற ஜூலைக்கு ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்: நாட்டுப்படகில் ஐஸ் பெட்டி பகலில் திறந்து மூடும்போது எவ்வளவு ஐஸ் கரைகிறது, மூடியின் வடிவத்தை மாற்றினால் எவ்வளவு மிஞ்சும். நாற்பது நாளாகத் தினமும் காலையில் பாம்பன் குந்துகாலில் தராசோடு நின்று பெட்டி பெட்டியாக எடை போட்டு எழுதுகிறார். தாள் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. விலைதான் இன்னும் எழுதவில்லை, வள்ளக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.